அறத்துக்குப் பிணை நிற்பவர் யார்?

பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லித்தரும் பொறுப்பில் ஒரு பங்கு இன்று செல்போனுக்குப் போய்விட்டது. ஆத்திசூடி வண்ணப் படங்களோடு யூடியூபில் ஓடுகிறது. திருக்குறளை ராகம் போட்டுச் சொல்லித்தரும் செயலிகள் இருக்கின்றன. மனுநீதிச் சோழனின் கதை சில நிமிடக் கார்ட்டூனாகச் சுருங்கிக் கிடைக்கிறது. இதைக் கண்டு ஒரு தரப்பினர் மகிழ்கிறார்கள். பாட்டி இல்லாத வீட்டுக்கும் பாட்டி கதை வந்து சேர்ந்துவிட்டது என்பது அவர்கள் ஆறுதல். இன்னொரு தரப்பினர் கவலைப்படுகிறார்கள். திரையில் எது ஓடினாலும் பிள்ளை கெட்டுத்தான் போகும் என்பது அவர்கள் அச்சம். ஆனால் இரு தரப்பினரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். மரபு என்பது கதைகளும் செய்யுள்களும் அடங்கிய ஒரு சேமிப்பு என்றும், அதைப் பிள்ளையின் காதில் போட்டுவிட்டால் அறக்கல்வி முடிந்தது என்றும் இருவருமே நினைக்கிறார்கள். அந்த நினைப்பில்தான் பிழை இருக்கிறது. அறம் கற்பிக்க நல்ல சொல் மட்டும் போதாது; அந்தச் சொல்லுக்குத் தன்னையே பிணையாக வைக்கும் ஒரு மனிதர் பிள்ளையின் எதிரே இருக்க வேண்டும். கருவி பிள்ளையை அந்த மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் அது மரபுக்குத் துணை. அவருடைய இடத்தில் தானே உட்கார்ந்துகொண்டால், எத்தனை குறள் சொல்லித்தந்தாலும் அறக்கல்வி அங்கே நடக்கவில்லை.

நல்லது இன்னதென்று தெரிந்திருப்பதும் நல்லபடி நடப்பதும் வேறு வேறு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை நாம் சரியாக எடைபோடுவதில்லை. அமெரிக்காவில் ஹியூ ஹார்ட்ஷார்ன், மார்க் மே என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஏறக்குறைய 11,000 பள்ளிப் பிள்ளைகளைப் பல விதமாகச் சோதித்து, 1928-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தேர்வில் பார்த்து எழுத வாய்ப்பு, விளையாட்டில் புள்ளியைக் கூட்டிச் சொல்ல வாய்ப்பு, காசை எடுத்துக்கொள்ள வாய்ப்பு என்று பல சந்தர்ப்பங்களைப் பிள்ளைகளுக்கு உருவாக்கித் தந்து, யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஞாயிறு பள்ளிக்குப் போன பிள்ளைகளும், ஒழுக்கம் வளர்ப்பதற்கென்றே நடத்தப்பட்ட அமைப்புகளில் சேர்ந்திருந்த பிள்ளைகளும் மற்றவர்களைவிட நேர்மையாக இருந்தார்கள் என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. எது சரி என்ற அறிவுக்கும் நடத்தைக்கும் இடையே இருந்த தொடர்பு பலவீனமாகவே தெரிந்தது. ஆனால் ஆசிரியரும் மாணவர்களும் இணக்கமாக இருந்த வகுப்புகளில் ஏமாற்றுவது குறைவாக இருந்தது. ஆக, நேர்மையோடு நெருக்கமாகத் தொடர்புபட்டிருந்தது போதனையைவிட உறவுதான் என்று அந்த ஆய்வு அன்றே காட்டிவிட்டது.

நம் ஊருக்கு வருவோம். 2016-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருக்குறளின் அறத்துப்பாலிலும் பொருட்பாலிலும் உள்ள 108 அதிகாரங்களையும் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை பாடத்தில் சேர்க்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது. 1330 குறளையும் ஒப்பிக்கும் மாணவர்களுக்குப் பரிசு தரும் வழக்கமும் இருக்கிறது. இவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. மனப்பாடம் செய்த குறள் வீண் போவதில்லை. அது உள்ளே கிடந்து தனக்கான தருணத்துக்குக் காத்திருக்கும். ஆனால் அந்தத் தருணத்தில் அதை எடுத்துக்கொடுக்க ஒருவர் வேண்டும். தம்பியோடு சண்டை போட்டுவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம், பழிவாங்கினால் கிடைக்கும் சந்தோஷம் ஒரே நாளில் தீர்ந்துபோகும் என்று சொல்லும் குறளைத் தாத்தா அந்த நேரம் பார்த்துச் சொல்கிறார். பாடமாகக் கேட்டபோது வெறும் ஏழு சீராக இருந்தது, அப்போதுதான் அறமாகிறது. வள்ளுவரே அறத்தை மனத்தில் மாசு இல்லாமல் இருப்பது என்று வரையறுத்து, மற்றதையெல்லாம் வெறும் ஆரவாரம் என்று ஒதுக்குகிறார். ஒப்பித்தலும் பரிசும் மேடையும் அந்த ஆரவாரத்தில் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.

அப்படியானால் மரபு இந்த இடைவெளியை எப்படிக் கடந்தது? கதையில் இருந்த சரக்கைவிட, கதை சொல்லப்பட்ட விதத்தில் இதற்கு விடை இருக்கிறது. தமிழ் வீடுகளில் கதை கேட்கும் பிள்ளை ‘உம்’ கொட்ட வேண்டும். ‘உம்’ நின்றால் கதையும் நின்றுவிடும். சொல்பவர் இருட்டில் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே அந்த ஒலியை வைத்து, அது பயந்திருக்கிறதா, தூங்கிவிட்டதா, எதையோ கேட்க நினைத்துத் தயங்குகிறதா என்று கணிக்கிறார். அதற்கேற்பக் கதையின் வேகம் மாறுகிறது. தென்மாவட்டக் கோயில் கொடைகளில் நடக்கும் வில்லுப்பாட்டுக்கும் இதுதான் அடித்தளம். முன்னே இருந்து பாடுபவர் ஒரு வரி சொல்ல, பின்பாட்டுக்காரர்கள் ‘ஆமா’ போட்டு அதை வாங்கிக்கொள்கிறார்கள். சில நேரம் எதிர்க்கேள்வி கேட்டு மடக்குகிறார்கள். தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே நிறுத்தி, பார்ப்பவர்கள் மனத்தில் இருக்கும் கேள்வியைக் கேட்கிறான். அறக்கதை இங்கே ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்கு ஒருவழியாகப் பாய்ந்ததே இல்லை. கேட்பவருடைய பதில் அந்தக் கலையின் இலக்கணத்துக்குள்ளேயே இருந்தது. ஒரு வில்லுப்பாட்டைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றும்போது பாட்டும் இசையும் பத்திரமாகச் சேமிக்கப்படுகின்றன. ஆனால் திரைக்கு முன்னால் இருக்கும் பிள்ளை ‘ஆமா’ போட்டால் வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.

இந்த வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதைக் குழந்தைகள் மொழி கற்கும் விதம் பற்றிய ஆய்வுகள் காட்டுகின்றன. 2003-இல் பேட்ரிசியா கூல் தலைமையிலான குழு, ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மாண்டரின் மொழியைக் கேட்கவைத்தது. எதிரே அமர்ந்து ஒருவர் பேசி விளையாடியபோது குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டார்கள். அதே பேச்சை வீடியோவிலும் ஒலிப்பதிவிலும் கேட்ட குழந்தைகள் எதையும் கற்கவில்லை. குற்றம் திரையின் மீதுதான் என்று இதை வைத்து முடிவுகட்டத் தோன்றும். ஆனால் 2014-இல் சாரா ரோஸ்பெரியும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனை வேறு ஒன்றையும் சொன்னது. இரண்டு முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகள் முன்பே எடுத்த வீடியோவிலிருந்து புதிய வினைச்சொற்களைக் கற்கவில்லை. ஆனால் நேரில் இருப்பவரிடம் கற்றதைப் போலவே, ஸ்கைப் அழைப்பில் தங்களோடு பேசியவரிடமிருந்தும் கற்றார்கள். ஸ்கைப்பும் திரைதான். அங்கே ஒருவர் பிள்ளையின் சொல்லுக்கு உடனே மறுசொல் தந்தார் என்பதே வேறுபாடு. இவை மொழியைப் பற்றிய ஆய்வுகள், அறத்தைப் பற்றியவை அல்ல. வயதிலும் மிகச் சிறிய பிள்ளைகள். ஆனாலும் ஒலியையும் சொல்லையும் கற்பதற்கே எதிர்வினை ஆற்றும் ஓர் ஆள் தேவைப்படுமானால், இரக்கமும் நேர்மையும் ஆளில்லாமல் வந்து சேரும் என்று நம்புவதற்கு என்ன முகாந்திரம் இருக்கிறது?

மனுநீதிச் சோழன் கதையைச் சற்று அருகில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். திருவாரூர்க் கோயிலை ஒட்டிக் கல்தேராக நிற்பதும், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையாக இருப்பதும் இந்தக் கதைதான். தேர்க்காலில் கன்று சிக்கி இறந்தது, தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது, அரசன் தன் மகன்மேல் தேரை ஏற்றினான் என்பதோடு கார்ட்டூன்கள் பெரும்பாலும் முடித்துக்கொள்கின்றன. சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்லும் கதையோ சங்கடமான இடங்கள் நிறைந்தது. கன்று யாரும் காணாமல் சக்கரங்களுக்கிடையே பாய்ந்துவிட்டது. இளவரசன் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. அமைச்சர்கள் பிராயச்சித்தம் செய்துவிடலாம் என்கிறார்கள். நாளைக்கு வேறொருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனுக்கு மரண தண்டனை, என் மகனுக்கு மட்டும் பிராயச்சித்தமா என்று அரசன் அதை மறுக்கிறான். மகன்மேல் தேரை ஓட்டும்படி கட்டளையிடப்பட்ட அமைச்சர், அதைச் செய்ய மனமின்றித் தன் உயிரை விட்டுவிடுகிறார். பிறகுதான் அரசன் தானே தேரேறுகிறான். கடைசியில் இறைவன் அருளால் கன்றும் மகனும் அமைச்சரும் எழுகிறார்கள்.

இதைக் கேட்கும் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கேள்விகள் வராமல் இருக்காது. தெரியாமல் செய்தது தப்பா? அந்த அமைச்சர் என்ன பாவம் செய்தார்? அப்பாவே பிள்ளையைக் கொல்லலாமா? சாமி வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நோக்கமா விளைவா, கட்டளையா மனச்சாட்சியா, நீதியா பாசமா என்று தத்துவ நூல்கள் நூற்றாண்டுகளாகப் பேசிவரும் கேள்விகள்தான் இவை. இந்தக் கதையின் அறப்பயன் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. இவற்றுக்கு முன்னால் பெரியவரும் தடுமாறலாம். ‘எனக்கும் அது சரியென்று தோன்றவில்லை, ஆனால் ராஜாவின் மகன் என்பதால் விட்டுவிட்டால் அது சரியா, நீயே சொல்’ என்று அவர் திருப்பிக் கேட்கும்போது பிள்ளை முதன்முறையாக அறத்தை எடைபோட்டுப் பார்க்கிறது. செயலியோ வீடியோ முடிந்ததும் நான்கு விடைகளைத் தந்து சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. மணியை அடித்தது யார் என்பதற்குச் சரியான விடை உண்டு. அரசன் செய்தது சரியா என்பதற்கு அந்தக் கட்டங்களில் இடமில்லை. அதனால் அந்தக் கேள்வி கேட்கப்படாமலே போகிறது. கேட்க முடிந்ததுதான் முக்கியமானது என்று பிள்ளை பழகிக்கொள்கிறது.

எந்தக் கதையையும் எப்படியும் சொன்னால் பலன் வரும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. காங் லீ குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பார்த்தார்கள். பொய் சொன்னவன் தண்டனை பெற்ற கதைகள் பிள்ளைகளின் பொய்யைக் குறைக்கவில்லை. உண்மையைச் சொன்னவன் பாராட்டப்பட்ட கதை குறைத்தது. 2018-இல் வந்த இன்னொரு ஆய்வு, மனிதப் பாத்திரங்கள் வரும் கதையைக் கேட்ட பிறகு பிள்ளைகள் தங்களிடம் இருந்ததை அதிகமாகப் பகிர்ந்தார்கள் என்றும், அதே கதையில் மனிதரைப் போல உடை அணிந்த விலங்குகள் வந்தபோது அந்த மாற்றம் தெரியவில்லை என்றும் கண்டது. பஞ்சதந்திரத்தையும் முயல் ஆமையையும் இதற்காகத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒரு சில ஆய்வுகள் இறுதித் தீர்ப்பும் ஆகாது. ஆனால் நரியும் காக்கையும் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஆடிப்பாடுவதையே அறக்கல்வி என்று நினைக்கும் தயாரிப்பாளர்கள் யோசிக்க வேண்டும். பிள்ளை தன்னைப் போன்ற ஒரு மனிதரைப் பின்தொடர்ந்துதான் நடக்கப் பழகுகிறது.

கருவிகள் கொண்டுவரும் இன்னொரு ஆபத்து மரபின் நெஞ்சையே தொடுகிறது. நல்லது செய்தால் புள்ளி, பத்துப் புள்ளிக்கு ஒரு நட்சத்திரம், நூறு புள்ளிக்குப் பதக்கம் என்பது இன்றைய கல்விச் செயலிகளின் பொதுவான அமைப்பு. கணக்குப் பயிற்சிக்கு இது ஓரளவு உதவலாம். அறத்தில் இது நேர் எதிராக வேலை செய்யக்கூடும். ஃபெலிக்ஸ் வார்னகனும் மைக்கேல் டொமசெல்லோவும் 2008-இல் வெளியிட்ட சோதனையில், இருபது மாதக் குழந்தைகள் பெரியவர் தவறவிட்ட பொருளைத் தாமாகவே எடுத்துக்கொடுத்தார்கள். அப்படி உதவியதற்குப் பொம்மைப் பரிசு பெற்ற குழந்தைகள், பரிசு நின்றதும் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாக உதவினார்கள். தானாக ஊறிய இரக்கத்தைக் கூலி வற்றவைத்துவிட்டது. இதை நம் மரபு வெகு முன்பே அறிந்திருந்தது. புறநானூற்றின் 134-ஆம் பாட்டில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் புகழும்போது, இங்கே கொடுத்தால் மறுமையில் கிடைக்கும் என்று அறத்தை வாணிகமாக்குபவன் அல்லன் அவன் என்கிறார். சான்றோர் நடந்த வழி அது என்பதற்காகவே கொடுத்தான் என்கிறார். மறுமையின் பெயரால் வரும் லாபத்தையே அறத்திலிருந்து விலக்கிய மரபு நம்முடையது. அந்த மரபின் கதைகளை எடுத்து அவற்றின்மேல் நட்சத்திரமும் பதக்கமும் ஒட்டிக் கொடுப்பது, உள்ளே இருப்பதை உறையைக்கொண்டே மறுப்பதாகும்.

சரியான சேர்க்கை எப்படி இருக்கும்? கருவியின் பிடியைக் கேட்கும் பக்கத்திலிருந்து செய்யும் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். பிள்ளை செல்போனில் கதை பார்ப்பதைவிட, அதே செல்போனை எடுத்துக்கொண்டு தெருவில் இருக்கும் ஒரு முதியவரிடம் போய்க் கதை கேட்டுப் பதிவு செய்யட்டும். ஊர் எல்லையில் நிற்கும் நடுகல் யாருக்காக வைத்தது, இந்த ஏரியை முன்பு யார் தூர் வாரினார்கள், பஞ்ச காலத்தில் யார் கஞ்சி ஊற்றினார்கள், ஊர்ச் சண்டை எப்படித் தீர்ந்தது என்று கேட்கட்டும். கேட்டதை எழுதி, படம் வரைந்து, வகுப்பில் எல்லோரும் சேர்ந்து வில்லுப்பாட்டாகக் கட்டலாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் 2015 முதல் இருக்கிறது. பல மொழிக் கதைகளைப் படிக்கவும் மொழிபெயர்க்கவும் புதிதாக எழுதிச் சேர்க்கவும் அங்கே வழி உண்டு. மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தந்துவருகிறது. ஒரு கதையின் மூலம் என்ன சொல்கிறது என்று ஆசிரியர் அங்கே சரிபார்த்துக்கொள்ளலாம். கி.ராஜநாராயணன் நாட்டுப்புறக் கதைகளை மக்களிடம் கேட்டுத் தொகுத்தார். அந்தப் பணியின் சிறு அளவை ஒவ்வொரு பள்ளியும் செய்ய முடியும். இதில் பிள்ளைக்குக் கிடைக்கும் அறப்பயிற்சி கதையின் முடிவில் வரும் நீதியில் அடங்கிவிடுவதில்லை. முதியவர் பேசும்வரை பொறுத்திருப்பது, பதிவு செய்ய அனுமதி கேட்பது, அவர் வெளியே சொல்ல வேண்டாம் என்றதை வெளியிடாமல் இருப்பது, அவர் சொன்னதைத் திரிக்காமல் எழுதுவது, பிறகு அவரிடமே படித்துக்காட்டுவது என்று ஒவ்வொரு படியிலும் உண்மையும் மரியாதையும் பழக்கமாகின்றன.

யாருடைய மரபு, யாருடைய அறம் என்ற கேள்வி இங்கே எழும். அரசின் முழுச் செலவில் நடக்கும் கல்விநிலையங்களில் சமயப் போதனை கூடாது என்று அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு, சமயப் போதனை வேறு என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் அருணா ராய் வழக்கில் விளக்கியது. இந்த எல்லைக்குள்ளேயே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பரந்த சொத்து இருக்கிறது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் என்று ஒரு பகுதி உண்டு. வேடன் கையில் சிக்கிய பெண்மான், பசித்திருக்கும் கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று நபிகள் நாயகத்திடம் முறையிடுகிறது. அவர் அதற்குப் பிணை நிற்கிறார். மான் சொன்ன சொல் தவறாமல் திரும்பி வருகிறது. மாயூரம் முன்சீப்பாக இருந்த கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளை 1859-இல் நீதிநூலை வெளியிட்டார். கன்றுக்காகத் தன் மகனையே தண்டித்த சைவக் கதையும், மானுக்காகத் தன்னைப் பிணையாக்கிய இஸ்லாமியக் கதையும் ஒரே வகுப்பில் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லப்பட்டால், வாயில்லா உயிரின் துன்பத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற அறம் எந்தச் சமயத்தின் தனிச்சொத்தும் இல்லை என்று பிள்ளைகள் தாங்களே கண்டுகொள்வார்கள். ஒரு வீட்டில் வழங்கும் கதையை இன்னொரு வீட்டுப் பிள்ளை கேட்க வழிசெய்வதில் கருவிக்கு நிகரில்லை. அங்கே அதை முழுமனத்தோடு பயன்படுத்த வேண்டும்.

மரபைத் திரும்பக் கொண்டுவருவது சாதியையும் பெண்ணடிமையையும் சேர்த்துக் கொண்டுவருவதல்லவா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. திண்ணைப் பள்ளிக்கூடத்தின் புகழைப் பாடும்போது, அந்தத் திண்ணையில் ஏற விடப்படாத தலித் பிள்ளைகளையும், வீட்டுக்குள்ளேயே இருத்தப்பட்ட பெண்பிள்ளைகளையும் மறக்கக் கூடாது. பழைய நீதிநூல்களில் மனைவி கணவனுக்குக் கட்டுப்பட்டு இருக்கச் சொல்லும் வரிகள் உண்டு. ஆனால் இதற்கு மருந்தும் மரபிலேயே இருக்கிறது. ஔவையின் ஆத்திசூடி அறம் செய்ய விரும்பச் சொல்லித் தொடங்குகிறது. பாரதி அதே வடிவத்தை எடுத்துக்கொண்டு, அச்சத்தை விடச் சொல்லிப் புதிய ஆத்திசூடியைத் தொடங்கினார். பாரதிதாசனும் தம் பங்குக்கு ஓர் ஆத்திசூடி எழுதினார். பழையதை அழிக்காமல், அதன் பக்கத்திலேயே புதியதை வைத்து, எது வேண்டும் என்று அடுத்த தலைமுறையை யோசிக்க வைக்கும் துணிச்சல் அது. மெருகேற்றிய கார்ட்டூன் பழைய நூலைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக்கிவிடும். எதிரே இருக்கும் பாட்டியிடமோ, ‘பொம்பளப் பிள்ளை மட்டும் ஏன் அடங்கியிருக்கணும்?’ என்று பேத்தி கேட்க முடியும். தெருத்தெருவாகப் போய்க் கதை கேட்கும் பிள்ளைகள் தங்கள் தெருவோடு நின்றுவிடாமல் காலனிக்கும் போக வேண்டும். அங்கே அதே கோயிலைப் பற்றியும் அதே கிணற்றைப் பற்றியும் வேறு கதை கிடைக்கும். இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்பதைவிடச் சிறந்த அறப்பாடம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் சொல்ல நன்றாக இருக்கிறது, ஆள் எங்கே என்பது அடுத்த எதிர்ப்பு. அப்பாவும் அம்மாவும் வேலை முடிந்து களைத்து வருகிறார்கள். தாத்தா பாட்டி ஊரில் இருக்கிறார்கள். செல்போன் இல்லாவிட்டால் சமையல்கூட நடக்காது. இந்தச் சுமையை உணராமல் பெற்றோரைக் குற்றம் சொல்வது அறமாகாது. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் திரைநேரம் நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அந்த அளவைக் காப்பதே பல வீடுகளில் பெரும்பாடு. ஆனால் ஸ்கைப் ஆய்வு தந்த நம்பிக்கையை இங்கே நினைக்க வேண்டும். ஊரில் இருக்கும் பாட்டி வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் வாரம் ஒரு கதை சொன்னால், பிள்ளையின் ‘உம்’ அவருக்குக் கேட்கும். சிங்கப்பூரிலும் கனடாவிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஆண்ட்ரூ பெல் சென்னையில் நடத்திப் பார்த்து 1797-இல் எழுதிய கல்வி முறையும் பிள்ளைக்குப் பிள்ளையே ஆசிரியராவதுதான். 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், வீட்டுக்கு அருகிலேயே மாலை நேரத்தில் தன்னார்வலர்களைப் பிள்ளைகளோடு உட்காரவைத்தது. பத்து நிமிட வீடியோவைப் பாதியில் நிறுத்தி ‘நீயாக இருந்தால் என்ன செய்வாய்?’ என்று ஒருவர் கேட்டாலே கருவியின் இயல்பு மாறிவிடுகிறது. அதற்கு ஒரு நாள் முழுக்க வேண்டாம். முழு மனத்தோடு சில நிமிடங்கள் வேண்டும்.

இவற்றையெல்லாம்விடக் கடினமான எதிர்ப்பு இப்போதுதான் வந்திருக்கிறது. இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே பதில் சொல்கின்றன. பிள்ளை ‘உம்’ கொட்டினால் கதையைத் தொடரும். அமைச்சர் ஏன் இறந்தார் என்று கேட்டால் பொறுமையாக விளக்கும். களைப்போ கோபமோ கிடையாது. எதிர்வினைதான் தேவை என்றால் அதுதான் கிடைத்துவிட்டதே, இனி மனிதர் எதற்கு? இந்தக் கேள்விக்கு எதிர்வினையை மட்டும் வைத்து விடை சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். விடை மேலே சொன்ன இரண்டு கதைகளுக்குள்ளும் இருக்கிறது. மனுநீதிச் சோழனின் சொல்லுக்கு மதிப்பு வந்தது, தன் சட்டத்துக்குத் தன் மகனையே உட்படுத்தியதால். மானின் வாக்கை வேடன் ஏற்றது, அதற்காக ஒருவர் பிணை நின்றதால். அறத்தைச் சொல்பவர் அந்த அறத்தால் தாமும் கட்டுண்டவராக இருக்க வேண்டும். சொல் பொய்த்தால் இழப்பதற்கு அவரிடம் ஏதாவது இருக்க வேண்டும். இயந்திரம் பொய் சொல்லாதே என்று அழகாகச் சொல்லும். ஆனால் உண்மை பேசியதால் அது எதையும் இழந்ததில்லை. நாளைக்கு அந்தப் பிள்ளை பொய் சொன்னால் அதற்கு வலிக்கப் போவதும் இல்லை.

மனிதர்கள்தான் சொன்னபடி நடக்கிறார்களா என்று திருப்பிக் கேட்கலாம். பொய் சொல்லாதே என்று போதித்த அப்பா, கடன்காரர் வந்தால் ‘அப்பா வீட்டில் இல்லைன்னு சொல்லு’ என்கிறார். அந்தக் கணத்தில் அவருடைய போதனை சரிகிறது, உண்மைதான். ஆனால் அதே கணத்தில் பிள்ளைக்கு ஒரு கேள்வி பிறக்கிறது: ‘நீங்க மட்டும் பொய் சொல்லலாமா?’ அதற்கு அப்பா வெட்கப்படலாம், சினக்கலாம், மறுநாள் கடன்காரரிடம் நேரே போய்த் தவணை கேட்கலாம். எது நடந்தாலும் அறம் என்பது பெரியவரையும் கேள்வி கேட்கும் ஒன்று என்று பிள்ளை அறிகிறது. பிழை செய்து திருத்திக்கொள்ளும் மனிதரிடம் இருந்து கற்பது, பிழைக்காக வெட்கப்பட முடியாத கருவியிடம் நல்லுரை கேட்பதைவிட மேலானது. ஏனென்றால் பிள்ளையும் நாளைக்குப் பிழை செய்து திருத்திக்கொள்ளப் போகும் மனிதர்தான்.

ஆகவே அறக்கல்விக்கென்று ஒரு செயலியையோ வீடியோவையோ உருவாக்குபவர்களிடமும், அதைப் பள்ளிக்கு வாங்குபவர்களிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதில் எத்தனை குறள், எத்தனை கதை என்பதல்ல. இதைப் பயன்படுத்திய பிறகு பிள்ளை யாரிடம் போய்ப் பேசும் என்பதே. அதற்கு விடை இருந்தால் அந்தக் கருவியை வரவேற்கலாம். பதக்கங்களை எடுத்துவிட்டு, சரியான விடை இல்லாத கேள்விகளைச் சேர்க்கச் சொல்லலாம். விடை இல்லையென்றால் அதைக் கேளிக்கை என்று ஒத்துக்கொண்டு, கல்வி என்ற பெயரை அதற்குக் கொடுக்காமல் இருக்கலாம். பள்ளிகள் தங்கள் பங்குக்கு, ஒப்பிப்பதற்குத் தரும் பரிசில் ஒரு பகுதியை ஊரின் நினைவுகளைக் கேட்டுத் தொகுக்கும் பிள்ளைகளின் பணிக்கு மாற்றலாம். பெற்றோருக்கு இருக்கும் கடமை இவை எல்லாவற்றையும்விடப் பழையது. எந்தச் செயலியும் அதைத் தோளிலிருந்து இறக்கிவைக்காது. பிள்ளையிடம் எந்த அறத்தைச் சொல்கிறோமோ அதற்கு நாமே பிணை நிற்க வேண்டும்; தவறினால் பிள்ளை நம்மைக் கேட்கலாம் என்று அதனிடமே சொல்லிவைக்க வேண்டும்.